மனநோயும் உழைச்செல்வாரும்

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் பேருந்தில் ஏறியிராத மாணவர் வேலூரில் அரியர். அப்பேருந்தின் நெற்றியில் விளங்கும் ஊர்ப்பெயரைச் சொல்லி நகையாடாதவரும் அரியரே. ஒருவன் தேர்வுக்கு அஞ்சி இரவெல்லாம் உறங்காதிருப்பின், "இவனைப் பாகாயம் வண்டியில் ஏற்றுங்கள்" என்பர். மற்றொருவன் விடுதியில் தனித்திருந்து கண்கலங்கினால் அவனுக்கும் அதே பயணச்சீட்டைக் கிழிப்பர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருத்தலே இந்நகைக்குக் காரணம். யானும் அங்ஙனம் நகைத்தோருள் ஒருவன். என் சித்தி நோயுற்ற பின்னரே அந்நகை என் நாவிற் கசந்தது. அந்நோய் இன்னதென்பதையும், அது தீரும் வழியையும், அவ்வழியில் நம்மவர் செய்யும் ஒரு பெருந்தவற்றையும் பற்றிச் சில கூற விழைகின்றேன். யான் மருத்துவம் கற்றவன் அல்லேன். தமிழ் பயிலும் மாணவன். ஆயினும், வீடு தீப்பற்றியவன் தீயணைக்குங் கலையைக் கற்றபின்னரே வாய்திறத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை அன்றோ?

என் சித்தி ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையற்பிரிவில் பணிபுரிபவர். விடியுமுன் எழுந்து, சமைத்து, இரு பெண்மக்களையும் பள்ளிக்கு ஆயத்தஞ் செய்து, கம்பெனி வண்டி வருமுன் தெருமுனையில் நிற்பது அவருடைய பல்லாண்டு வழக்கம். ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தலைவலி கண்டது. பின்னர் உடம்பெல்லாம் நோவு, நெஞ்சிற் படபடப்பு, உணவில் வெறுப்பு, நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிப்பு. நேராக ஓடிய தையல் கோணத் தொடங்கியது. மருத்துவர் ஒருவர் சத்துக்குறைவு என்று ஊசியிட்டார். மற்றொருவர் குளுக்கோஸ் ஏற்றினார். மூன்றாமவர் தலையைப் படமெடுக்கச் சொன்னார். படத்தில் குறையொன்றும் இல்லை. அச்செய்தி வீட்டாருக்கு மகிழ்வளித்தது, சித்திக்கோ, "அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?" என்னும் புதுத்துயரை அளித்தது.

தலைவலிக்கு ஏது உள்ளத்தில் இருத்தல் கூடும் என எவரோ கூறியவுடன் எங்கள் வீட்டின் கதவுகள் அடைபட்டன. "வெளியில் மூச்சு விடாதீர்கள்; சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் தாத்தா. உறவினர்க்கு மஞ்சட்காமாலை என்று சொல்லப்பட்டது. சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்து, விசுவாசம் குன்றிய இடத்திலேயே சோர்வு நுழையும் என்று புத்தி கூறிச் சென்றார். அவர் நல்லெண்ணத்துடனேயே கூறினார். எனினும், அடுத்த ஞாயிறு முதல் சித்தி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நோயின் சுமையோடு குற்றத்தின் சுமையையும் அவர் தலையில் ஏற்றினோம்.

உள்ளத்து நோய் உடம்பிற் பேசுதல் தமிழ் பயில்வோர்க்கு வியப்பாதல் கூடாது. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டனையும் மெய்ப்பாடு என்றே வழங்கினார். உள்ளத்தே எழுவது மெய்யின்கண் புலப்படுதல் என்பதே அச்சொல்லின் கருத்து. அச்சம் உள்ளத்தில் எழும். வியர்வை நெற்றியில் அரும்பும். இதனைத் தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் நாம், உள்ளத்துச் சோர்வு தலைவலியாக வெளிப்பட்டால் மட்டும் நடிப்பென்று தள்ளுவது முறையோ? நாள் முழுதும் தையற்பொறியின் முன் குனிந்திருக்கும் பெண், "மனம் சரியில்லை" என்று சொல்ல நாணுவாள். "தலை வலிக்கிறது" என்று சொல்ல நாணாள். அவ்வலி பொய்யன்று, மெய்யான வலியே. அதன் வேர் மட்டும் வேறிடத்தில் உள்ளது.

மனநோய் என்றவுடன் கிழிந்த ஆடையுடன் தெருவில் திரிவாரையே நாம் எண்ணுகின்றோம். அத்தகைய கடுநோய்கள் சிலரையே பற்றுவன. மிகப் பலரைப் பற்றுவனவற்றைப் பொதுவகை மனநோய்கள் என்பர். அவற்றுள் தலையாயவை மனச்சோர்வு நோயும் மனப்பதற்ற நோயும் ஆம். துன்பம் வந்தால் அழுதலும் தேர்வு வந்தால் அஞ்சுதலும் நோயல்ல. ஆனால், இரண்டு வாரமும் அதற்கு மேலும் நாள்தோறும் உள்ளம் இருண்டு கிடக்குமாயின், முன்பு இன்பந் தந்தவை யாவும் சுவையற்றுப் போமாயின், அவற்றோடு உறக்கமும் பசியும் ஊக்கமும் குன்றித் தம்மைத் தாமே பயனற்றவராகக் கருதும் எண்ணம் தலையெடுக்குமாயின், அதனை மனச்சோர்வு நோய் என மருத்துவர் கொள்வர். சிறு காரணத்தாலோ காரணமே இன்றியோ எழும் அச்சம் மாதக்கணக்கில் நீங்காதிருத்தல் பதற்ற நோய். மூச்சடைத்து, நெஞ்சு துடித்து, இக்கணமே இறப்போம் என்னும் பீதி திடீரெனப் பாய்வதும் அதன் ஒரு வகையே.

இந்நோயுற்றோர் எத்துணையர்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களுள் 10.6 விழுக்காட்டினர் அக்காலை ஏதோ ஒரு மனநோயுடன் வாழ்ந்தனர் எனக் கண்டது. மனச்சோர்வுற்றோருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறாதிருந்தனர் என்பதும் அதன் முடிபு. அக்கணக்கின்படி, பெரியவர் நூற்றுவர் கூடும் கோயிலில் பதின்மர் இச்சுமையுடன் முழந்தாளிடுகின்றனர். நாமோ பக்கத்தில் இருப்பவர் யார் என அறியாமலே பாடி எழுகின்றோம்.

இந்நோய்கள் தீர்தற்கு உரியவை. நல்ல மருத்துவர் முதலில் குருதியைச் சோதிப்பர்; இரத்தசோகையும் தைராய்டுச் சுரப்பின் குறைவும் மனச்சோர்வின் வேடம் பூண்டு வருதல் உண்டு. நோய் இலேசாயின் பேச்சுவழிச் சிகிச்சையே போதியதாதல் கூடும். பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் நோயாளியுடன் அமர்ந்து, "நான் எதற்கும் உதவாதவள்" என்பன போன்ற எண்ணங்களை எடுத்து, அவை மெய்தானா என அவருடன் சேர்ந்து ஆராய்வர். விட்டுப்போன சிறு செயல்களை, கீரை விதைத்தல், பூத்தொடுத்தல், பாடற்குழுவிற்குச் செல்லுதல் ஆகியவற்றை, ஒவ்வொன்றாக மீளத் தொடங்கச் செய்வர். மனம் தெளிந்தபின் செயல் என்று காத்திராது, செயலால் மனத்தைத் தெளிவித்தல் அதன் நுட்பம். நோய் கடிதாயின் மாத்திரையும் வேண்டும். ஃப்ளூஆக்செடின் போன்ற மாத்திரைகள் இன்று உண்டு நாளை குணங்காட்டுவன அல்ல. பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலர்க்கு அதனினும் மிகுதி ஆகும். தொடக்கத்தில் குமட்டலும் உண்டாகலாம். நலமுற்ற பின்னரும் ஆறு மாதமேனும் உண்ணுதல் வேண்டும். நிறுத்துங்கால் மருத்துவர் சொற்படி மெல்ல மெல்ல நிறுத்துதல் வேண்டும். இவை கள்ளைப்போல மேன்மேலும் வேட்கையை மூட்டும் என்பார் பலர். அவ்வச்சம் சிலவகைத் தூக்கமாத்திரைகட்குப் பொருந்துமேயன்றி இவற்றிற்குப் பொருந்தாது.

ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. எதிலும் நம்பிக்கை இழந்த ஒருவர், பயன் தெரியாத மூன்று வாரமும் நம்பிக்கையுடன் மாத்திரை உண்பது எங்ஙனம்? எழுந்து பல்துலக்கவும் வலியற்றவர், வாரந்தோறும் பேருந்தேறி மருத்துவரிடம் செல்வது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடையைத் திருவள்ளுவர் எழுதிவைத்துள்ளார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயுற்றவன் ஒன்று, தீர்ப்பவன் ஒன்று, மருந்து ஒன்று, உழைச்செல்வான் ஒன்று. உழை என்பது பக்கம். பக்கத்தே நின்று மருந்தூட்டிப் பேணுபவனே உழைச்செல்வான். மருத்துவரும் மருந்தும் நம் நாட்டில் ஓரளவு பெருகியுள்ளனர். நோயுற்றோர்க்குக் குறைவே இல்லை. நான்காங் கூறாகிய உழைச்செல்வாரையே நாம் மறந்தோம். மனநோயைப் பொறுத்தவரை நாம் செய்யும் பெருந்தவறு இதுவே என்பது என் துணிபு.

மறந்ததோடு நில்லாமல், உழைநிற்றற்கு மாறாக ஒதுக்கி வைத்தலையே முறையாகவும் கொண்டோம். சென்னையில் 1794ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கெனத் தோன்றிய இல்லம், 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. நெடுங்காலம் இத்தகைய இல்லங்கள் எங்கும் மதிலுக்குப் பெயர்பெற்றனவாகவே இருந்தன. மதிலுக்கு உள்ளே நோயாளி, வெளியே உற்றார். மதில்கட்டிய இல்லங்களேனும் மருத்துவம் செய்தன. இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் ஓடவும் இயலாமல் வெந்தனர், இறந்தோர் இருபத்தெண்மர். சங்கிலி கொண்டு பிணித்தலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றும் தடைசெய்துள்ளது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கலாம். "மஞ்சட்காமாலை என்று சொல்லிவிடுங்கள்" என்னும் சொற்சங்கிலியை அறுப்பார் யார்?

மதிலைத் திறந்த முயற்சிகளும் நம் நாட்டில் உண்டு. 1950க்குப் பிற்பட்ட அப்பத்தாண்டில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்து, அவர்களையும் சிகிச்சையிற் பங்குபெறச் செய்தார். தெற்கே அவ்வழியில் முன்னின்றது, நாம் நகையாடும் அதே பாகாயம். 1957ஆம் ஆண்டில் தோன்றிய அம்மனநல மையம், நோயாளியுடன் உற்றார் ஒருவர் தங்குதலைத் தன் முறையாகவே கொண்டது. உடனிருப்பவர் வெறும் காவலர் அல்லர். நோய் இன்னது, அதன் அடையாளம் இன்னது, மருந்து நின்றால் விளைவது இன்னது, நோயாளியிடம் சொல்லத்தக்கது இது, தகாதது இது என அவரும் கற்றுக்கொண்டே வீடு திரும்புவர். வள்ளுவர் ஒரு சொல்லில் வைத்ததை வேலூர் ஒரு மருத்துவ முறையாகவே நடத்திக் காட்டியது. பெருமையுடன் உச்சரித்தற்குரிய ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கின்றோம். என்னே நம் அறியாமை!

"குடும்பத்தாரே நோய்க்குக் காரணமாயின் அவரையே உடன்வைத்தல் எங்ஙனம் பொருந்தும்?" எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் மகப்பேறடைந்த பெண்களிடையே கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் செய்த ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிள்ளை பெற்றபின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் 11 விழுக்காட்டினர். அந்நோய்க்குத் துணைசெய்வனவாக அவ்வாய்வு கண்டவை யாவை? குறைந்த வருவாய்; ஆண்மகவை விரும்பிய இடத்தில் பெண்மகவு பிறத்தல்; மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு; கருவுற்ற காலத்து நேர்ந்த இடர்; கைவேலைக்கு உதவியின்மை. இவற்றுள் வருவாய் நீங்கலாகப் பெரும்பாலானவை வீட்டு நிலைக்குள்ளேயே விளைவன. ஆதலின், வீட்டாரை நீக்கி மருத்துவம் செய்தல், ஓட்டையை அடையாமல் நீரை மட்டும் இறைத்தல் போலும். அவரை உடனிருத்தித் திருத்துதலே தக்கது. எவராலும் திருத்தவியலாத உறவினர் இருப்பின், நோயாளி தமக்கு வேண்டியவர் ஒருவரைத் தம் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ள முற்கூறிய சட்டமே உரிமை அளித்துள்ளது. உழைச்செல்வார் இரத்த உறவினராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை.

கிறித்தவர்களாகிய நம்முள், ஜெபம் இருக்க மருந்தெதற்கு என்பாரும் உளர். ஜெபத்தின் ஆற்றலை யான் மறுப்பவன் அல்லேன். எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றை மட்டும் அவர்க்கு நினைவூட்டுகின்றேன். பகைவர்க்கு அஞ்சி வனாந்தரத்திற்கு ஓடிய அவர், சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டும் என்று வேண்டினார். விசுவாசவீரருள் ஒருவர் அவர். அவர்க்கே அந்நிலை வந்தது. வந்த தேவதூதன் அவரைக் கடிந்தானில்லை, பிரசங்கம் செய்தானில்லை. தொட்டு எழுப்பினான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், உறங்கவிட்டான், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தான். யோபுவின் நண்பர் மூவரும் ஏழுநாள் வாய்திறவாது அவருடன் தரையில் அமர்ந்திருந்தனர். அவர் செய்த நன்மை அவ்வளவே. வாய்திறந்து காரணங்கூறத் தொடங்கியபின் அவரால் விளைந்தது துன்பமே. உடனிருத்தல் விசுவாசக் குறைவின் அடையாளமன்று. அதுவே விசுவாசத்தின் செயல்.

வறுமையே வேராயிருக்க மாத்திரை யாது செய்யும் என்பது மற்றொரு தடை. கடனும் கணவனின் குடியும் மாத்திரையால் தீரா என்பது உண்மையே. ஆயின், அவற்றை எதிர்த்து நிற்கும் வலியையே இந்நோய் பறிக்கின்றது. நோய் தீர்ந்த கை கடனையும் எண்ணும்; வேலையையும் செய்யும். செல்வம் மிக்க நாடுகளில்தான் இச்சிகிச்சை இயலும் என்பதும் பொருந்தாது. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் டாக்டர் டிக்ஸன் சிபாண்டா என்பவர், மருத்துவர் போதாமையால், அயலகத்துப் பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்து, சுகாதார நிலையங்களின் வெளியே ஒரு விசிப்பலகையில் அவர்களை அமர்த்தினார். துயருற்றோர் வந்து அப்பலகையில் அருகே அமர்ந்து பேசுவர். அந்நாட்டார் இந்நோயை, 'மிகுதியாக எண்ணுதல்' என்று பொருள்படும் தம் மொழிச் சொல்லால் வழங்குகின்றனர். எம்மூரிலும் "ரொம்ப யோசனை" என்றே சொல்கின்றோம்! அம்முறை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்தது என 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நிறுவியது. பாட்டிமாருக்கு நம் தெருக்களில் பஞ்சமோ?

எங்கள் வீட்டிற் கதவைத் திறந்தவரும் ஒரு பாட்டியே. என் தாயைப் பெற்ற ஆயா எழுத்தறியாதவர். ஒருநாள் அவர் தாத்தாவை நோக்கி, "வரன் போனால் வேறு வரன் வரும், பெண் போனால் வருமா?" என்றார். மறுமொழிக்குக் காத்திராமல் சித்தியை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். ஆங்கிருந்த மருத்துவர் சித்தியை அரைமணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். பின்னர் ஆயாவையும் அழைத்து அமரச் செய்து, நாள்களை எண்ணிச் சொல்லிக்கொடுத்தார். ஆயா அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடிட்டு மாத்திரை நாள்களை எண்ணினார். பத்தாம் நாள் சித்தி மாத்திரையை வீசியெறிந்தபோது, "இன்னும் பதினொரு கோடு இருக்கிறதம்மா" என்று மட்டும் சொல்லி எடுத்துக் கொடுத்தார். மாலைதோறும் ஏரிக்கரை வரை உடன் நடந்தார், பேச்சுக் கொடுக்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் சித்தி தாமாகவே, "அம்மா, இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் அதிகம்" என்றாராம். அன்று ஆயா அழுதார் என அறிகின்றேன். சித்தி மீண்டும் வேலைக்குச் செல்கின்றார். சில நாள்களில் பழைய சோர்வு எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அதற்குப் பெயர் உண்டு என்பதை இப்போது அவர் அறிவார். அதனை வாய்விட்டுச் சொல்லவும் அறிவார். இதனை இங்கு எழுத அவரே இசைந்தார். "நம்ம ஊர் பேரை மறைக்க வேண்டாம்" என்பதும் அவர் சொல்லே.

மாணவத் தோழர்களே! நாம் மருத்துவர் ஆதல் வேண்டா. உழைச்செல்வார் ஆதல் கூடும். அறைத்தோழன் பல நாள் உணவுக்கூடத்திற்கு வாராதிருப்பின் தட்டில் உணவெடுத்துச் சென்று அருகில் அமர்வோம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டோ என்று அன்புடன் வினவ அஞ்சாதிருப்போம். வினவுவதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. சுமை இறக்கவே வழி பிறக்கும். உண்டு என்பானாயின், அவனைத் தனியே விடாது பெரியவரிடமும் மருத்துவரிடமும் உடன் செல்வோம். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம். அவ்வெண்ணை நம் விடுதிக் கதவுகளில் எழுதிவைத்தல் நிருவாகத்தார்க்கு அரிய செயலன்று. நம் சபைகளின் ஞாயிறு மன்றாட்டில் காய்ச்சலுற்றோரையும் விபத்துற்றோரையும் நினைவுகூர்வதுபோல மனச்சோர்வுற்றோரையும் அந்நோயின் பெயர்சொல்லி நினைவுகூர்தல் போதகர்க்கும் அரிதன்று.

இனி, பாகாயம் வண்டி வரும்போது நகைப்பதை விடுவோம். அதில் ஏறுவோருள் ஒருவர் நோயாளியாகவும் அவர் பக்கத்தில் இருப்பவர் உழைச்செல்வாராகவும் இருத்தல் கூடும். அவ்விருவருக்கும் எழுந்து இடங்கொடுப்போமாக.